பத்தண்ணனும் பதினொன்றாம் வெர்ஷனும்

வீட்டின் பின்னறையில் பாட்டுப் பதிவு செய்கிற அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் அவரைப் பத்தண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். பதிவு செய்யும் சாஃப்ட்வேரில் ஊரே பதினொன்றாம் வெர்ஷனுக்குப் போய்விட்ட பிறகும் பத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவர் இவருடைய சகலை, அதாவது இவர் மனைவியின் தங்கையைக் கட்டியவர். சகலைக்கு வயது குறைவு என்பதால் பட்டம் இவருக்கு வந்து சேர்ந்தது. கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் ஆள் அசரவில்லை, ஃபோனை எடுத்தாலே "பத்து பேசறேன்" என்பார்.

பின்னறை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்பு சாமான் அடைத்து வைத்திருந்த அறை. பாடுகிறவர் நிற்கும் மூலையில் சத்தம் எதிரொலிக்காமல் இருக்க நாலு பக்கமும் கனமான போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார். குளிர்காலம் வந்தால் மனைவி ஒரு போர்வையை உருவிக்கொண்டு போய்விடுவாள். அன்றைக்குப் பாடுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

பத்தை விடாததற்குக் காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒன்பதிலிருந்து பத்துக்கு மாறின புதிதில், வயதான பாடகர் ஒருவர் அந்த மூலையில் நின்று பாடினார். மூன்றாவது சரணத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. அழுகையும் பாட்டும் கலந்து அப்படி ஒரு டேக் வந்தது. அவர் கடைசி வரியை முடிக்கிற நேரத்தில் சாஃப்ட்வேர் தொங்கி, திரை வெள்ளையாகிவிட்டது. டேக் போனது போனதுதான். பெரியவர் அதற்குப் பிறகு ஆறு தடவை பாடினார். எல்லாம் சுத்தமாக, சுருதி பிசகாமல், உயிரில்லாமல் வந்தது. அன்று பக்கத்தில் டீ டம்ளரோடு சகலையும் உட்கார்ந்திருந்தார். பத்தாம் வெர்ஷன் ஒரு நிலைக்கு வருவதற்குள் இருவருக்கும் பாதி உயிர் போனது. அப்போது பேசி முடிவு செய்தார்கள்: இனி மாறுவதென்றால் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டுதான் மாறுவது, இரண்டு பேரும் ஒரே நாளில்.

அப்படிச் செய்யத் தொழிலிலும் அவசியம் இருந்தது. பத்தண்ணன் குரலைப் பதிவு செய்து அனுப்புவார். சகலை தன் அறையில் கீபோர்டும் தாளமும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். கடைசி மிக்ஸிங் பத்தண்ணனுடையது. ஃபைல் இங்கும் அங்கும் ஓடுகிற பிழைப்பு. இரண்டு வீட்டிலும் ஒரே வெர்ஷன் இருந்தால்தான் வண்டி ஓடும்.

இந்த நிலையில்தான் பாட்டு டீச்சர் வந்தார். குழந்தைகளுக்குப் பத்துப் பாட்டு. ஆறு முடிந்திருந்தது. ஏழாவதில் ஒரு இடத்தில் சுருதி லேசாக இறங்கியதைச் சரிசெய்யப் பத்தண்ணன் அரை நாளாக ஒவ்வொரு எழுத்தாக நிமிண்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் இவ்வளவு கஷ்டப்படறீங்க? புதுசுல இதை ஒரே நிமிஷத்துல பண்ணிடறாங்களே" என்றார் டீச்சர்.

"யாரு பண்றாங்க?"

டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். "பொதுவா சொன்னேன் சார்."

அவர் போன பிறகு பத்தண்ணன் சகலைக்கு ஃபோன் போட்டார். "டேய், டீச்சரம்மா புதுசு புதுசுங்கறாங்க. போட்டுடலாமா?"

"ஐயோ, தொட்டுடாதீங்கண்ணே. ஒரு நாளைக்கு நாலு தடவை தொங்குது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்ச எடத்துல ஒருத்தர் போட்டுட்டு முழிக்கிறாரு. தினமும் பாத்துட்டுதானே இருக்கேன்?"

பத்தண்ணனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. உடன்பிறந்தவன்கூட இப்படி அக்கறையாகச் சொல்வானா என்று மனைவியிடம் சொல்லிச் சிலாகித்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

இரண்டு நாள் கழித்து ஏழாவது பாட்டு தாளம் சேர்ந்து வந்தது. பத்தண்ணன் திறந்தார். திறக்கவில்லை. திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. 'இந்த ஃபைல் பதினொன்றாம் வெர்ஷனில் சேமிக்கப்பட்டது. இதைத் திறக்க இயலாது.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மெஷினுக்குத்தான் கோளாறு என்று அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே கட்டம்.

"இங்க பாரேன், சகலை அனுப்பின ஃபைல் பதினொன்னுங்குது. வைரஸ் ஏதாவது வந்திருக்குமோ?" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"அவங்க வீட்டுலதான் எட்டு மாசமா அதுதானே..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எட்டு மாசமாவா?"

"தங்கச்சி சொல்லாதேன்னா. அத்தான் மனசு கஷ்டப்படுவாருன்னா."

"நீ எனக்குப் பொண்டாட்டியா, அவளுக்கு அக்காவா?"

"அக்காவாத்தாங்க மொதல்ல பொறந்தேன்."

பத்தண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சகலை வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிஷம். வழியெல்லாம் கணக்குப் போட்டார். எட்டு மாதத்தில் நாற்பது ஃபைலாவது வந்திருக்கும். அத்தனையும் பத்தில் சிக்கல் இல்லாமல் திறந்தது. அப்படியானால் ஒவ்வொன்றையும் பதினொன்றில் செய்துவிட்டு, இவர் கண்ணில் படாமல் இருக்கப் பத்துக்கு இறக்கி சேவ் பண்ணி அனுப்பியிருக்கிறான். மறக்காமல். நாற்பது தடவை. பெண்டாட்டி பிறந்தநாள் ஞாபகமிருக்காத பயல்.

சகலை அறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பத்தண்ணன் தோளைத் தொட்டதும் துள்ளி எழுந்தார்.

"அண்ணே! ஃபோன் பண்ணாம வந்துட்டீங்க?"

"ஏழாவது பாட்டு திறக்கலைடா."

சகலை முகம் வெளிறிப்போனது. அவசரத்தில் இறக்கி சேவ் பண்ண மறந்தது அப்போதுதான் உறைத்தது. திரையை மறைக்கிற மாதிரி நகர்ந்தவர், ஏதோ பட்டனை அழுத்தி மூடப் பார்த்தார். மூடவில்லை. மவுஸை ஆட்டினார். அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றது.

"என்னடா ஆச்சு?"

"தொங்கிடுச்சுண்ணே."

"இன்னைக்கு எத்தனாவது தடவை?"

"மூணாவது."

பத்தண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. உறைந்துபோன திரையில் வரிசையாக டிராக்குகளின் பெயர் தெரிந்தது. 'டீச்சர், அடுத்த செட், பாட்டு ஒன்று.'

"அவங்களா வந்தாங்கண்ணே" என்றார் சகலை.

"அவங்களா வந்தாங்களா, நீ ஏதாவது சொன்னியா?"

"கேட்டாங்க. அண்ணனுக்குப் புதுசுன்னா கொஞ்சம் பயம்னு சொன்னேன். அவ்வளவுதான். பொய்யா அது?"

பொய் இல்லை. பத்தண்ணனுக்குப் பயம்தான்.

"தொட்டுடாதீங்க, நாலு தடவை தொங்குதுன்னியே?"

"நீங்களே கண்ணால பாத்தீங்களே. தெரிஞ்ச எடம்னு சொன்னேன், இதோ இதான் அந்த எடம். முழிக்கிற ஆளும் நான்தான். ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தா செருப்பாலடிங்கண்ணே."

பத்தண்ணன் நின்று யோசித்துப் பார்த்தார். எட்டு மாதத்துப் பேச்சை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சட்டையைப் பிடித்து உலுக்க ஒரு பொய் கிடைக்குமா என்று தேடினார். கிடைக்கவில்லை. பொய் சொன்னவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்துவிடலாம். இவனை என்ன செய்வது?

"தொங்குதுன்னு தெரிஞ்சும் ஏன்டா வச்சிருக்கே?"

சகலை தலையைக் குனிந்துகொண்டார். "தொங்கினாலும் வேலை சீக்கிரம் முடியுதுண்ணே. உங்க காது எனக்கு வராது. நீங்களும் இதைப் போட்டுட்டா அப்புறம் எவன் என்னைத் தேடி வருவான்?"

புகழ்ச்சிதான் அது. இருபது வருஷத் தொழிலில் அவரை யாரும் இவ்வளவு உயர்வாகச் சொன்னதில்லை. காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி இருந்தது.

"மெஷினை அணைச்சுப் போடு. ஏழாவது பாட்டைத் தனித்தனி டிராக்கா, வெறும் சத்தமா எடுத்துக் குடு. அதை எந்த வெர்ஷனும் திறக்கும்."

பென் டிரைவில் ஏறுகிறவரை பத்தண்ணன் நின்றுகொண்டே இருந்தார். உள்ளேயிருந்து கொழுந்தியாள் "அத்தான், டீ போடட்டுமா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா" என்றார். அந்த வீட்டில் அவர் டீயை வேண்டாமென்றது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவளும் வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். இப்போதே பதினொன்றைப் போட்டுவிடலாமா என்று கை பரபரத்தது. ரோஷத்துக்குப் போட்டால், முடித்து வைத்த ஆறு பாட்டும் அதில் எப்படித் திறக்குமோ. எதிரொலி சேர்க்க, சத்தத்தைச் சீராக்க அவர் வைத்திருந்த பழைய குட்டி சாஃப்ட்வேர்கள் பாதி அதில் ஓடாது. போடாவிட்டால் அடுத்த செட் போனது போனதுதான். முன்பெல்லாம் இப்படி ஒரு குழப்பம் வந்தால் ஃபோனை எடுத்துச் சகலையைக் கேட்பார். விரல் பழக்கத்தில் அந்த நம்பருக்கே போனது. நிறுத்தி, டீச்சர் நம்பரைத் தட்டினார்.

"டீச்சர், அடுத்த செட் விஷயம் தெரியும். அதுக்காகக் கூப்பிடலை. ஒன்னு மட்டும் சொல்லணும். இந்தப் பத்துப் பாட்டு முடியற வரைக்கும் நான் மாத்த மாட்டேன். நடுவுல மாத்தினா உங்க பாட்டுதான் அடிபடும். முடிச்ச மறுநாள் புதுசு போடறேன்."

"நான் உங்ககிட்டயே சொல்லியிருக்கணும் சார்..."

"அது கெடக்கட்டும். புதுசு தொங்கும். நீங்க பாடிட்டு இருக்கறப்பவே தொங்கும். தொங்கினா தொங்கிடுச்சுன்னு அப்பவே உங்க முகத்துக்கு நேரா சொல்லிடுவேன். அது சரிப்படும்னா அடுத்த செட்டுல ரெண்டாவது பாட்டுலேர்ந்து இங்க வாங்க. இல்லைன்னா அங்கேயே பாடுங்க."

டீச்சர் "உங்க சகலை என்ன சொல்றார்?" என்றார்.

"கேக்கலைங்க."

"சரி சார். ரெண்டாவது பாட்டுக்கு எப்ப வரணும்னு சொல்லுங்க."

ஃபோனை வைக்கிற நேரத்தில் கதவு திறந்தது. மனைவி டீ டம்ளரோடு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"யாருங்க ஃபோன்ல?"

பின்னறையில் நடக்கிறதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவளிடம் சொல்கிற மனிதர் அவர். யார் சுருதி விட்டார்கள், யார் யாரோடு பேசவில்லை, எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"ஒரு பார்ட்டி" என்றார்.

அதுவும் பொய் இல்லை.