ஜெராக்ஸ் கடையில் என் ப்ராஜெக்ட்

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு பைண்டிங் போட இன்று மில்லர்புரத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தலைப்பு: சிறு கடைகளில் வாடிக்கையாளர் தகவல் பாதுகாப்பு.

கடைக்கார அண்ணாச்சி தலைப்பைப் பார்த்ததும், "இதத்தானம்மா காலையில ஒரு தம்பி பைண்டிங் போட்டுட்டுப் போனான்" என்றார்.

வகுப்பில் என் லேப்டாப்பையே எட்டிப் பார்க்கும் தோழி மேல்தான் முதல் சந்தேகம். அவள்தான் யாருக்கோ அனுப்பியிருக்க வேண்டும்.

"அவனுக்கு இத யாரு குடுத்தா அண்ணாச்சி?"

"நாந்தான். மாதிரிக்கு ஒண்ணு இருக்கான்னு கேட்டான். போன வாரம் பிரிண்டுக்கு நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புனது கம்ப்யூட்டர்ல கெடந்துச்சு. உங்க காலேஜ்தானன்னு குடுத்தேன். பேர மட்டும் மாத்திக்கிட்டான்."

"மொதல்ல அத அழிச்சிருங்க."

என் கண் முன்னாலேயே அழித்தார். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யச் சொன்னால் மட்டும் கை நகரவில்லை. "அங்கன கெடக்கட்டும்மா. நாளைக்கு நீங்களே வந்து கேப்பிய."

திங்கட்கிழமை வைவா. இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே மேசையில் இருக்கும். முதலில் போய்ச் சேர்ந்திருப்பது அவனுடையது. யாரைப் பார்த்து எழுதினாய் என்று என்னைத்தான் கேட்பார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. நான் போய் ஆய்வு செய்த கடைகளிலேயே வாடிக்கையாளர் ஃபைல் வெளியே போகாத கடை என்று ஐந்தாம் அத்தியாயத்தில் பாராட்டி எழுதியிருப்பது இந்தக் கடையைத்தான்.

உங்கள் ஆதார் எந்தக் கடை கம்ப்யூட்டரில் கிடக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா?