அப்பாவின் பெயரில் அச்சான அக்காவின் எழுத்துகள்

அக்கா போய் இன்றோடு முப்பத்தொரு நாள்கள். அந்தியேட்டிக் கிரியைக்கு வந்திருக்கும் உங்களுக்காக இந்த நினைவு மலரை எழுத, அவரது கடதாசிகளைப் பிரித்து அடுக்கியதில் களைத்துவிட்டேன். கடிதமோ கடவுச்சீட்டோ உறுதிப்படுத்தாத திகதி எதையும் எழுதவில்லை. ஆகவே இடைவெளிகள் உண்டு. முக்கியமாக, ஜெர்மனியில் பிறந்த பிள்ளைகள் இதை வாசிக்க வேண்டும்.

அக்கா கரவெட்டியில் பிறந்தார். எங்கள் அப்பா நாகமுத்து பஸ் கொண்டக்டர். கணிதம் படித்த அக்காவுக்குக் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கிருந்த கணினி ஓர் அறையையே அடைத்து நின்றதாம். கட்டளைகளைத் தடித்த அட்டைகளில் துளைகளாக இட்டு அதற்கு ஊட்ட வேண்டும். ஒரு துளை பிசகினாலும் மறுநாள்தான் தெரியவரும். அந்த அறையில் நிரல் எழுதிய ஒரே பெண் அக்கா.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அகதியாக ஸ்டுட்கார்ட் வந்தார். கொழும்புச் சான்றிதழ்களை இங்கு ஏற்கவில்லை. ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவியபடி விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் எழுதினார். ஒரு நாள் "இனி ஏலாது" என்று கோப்பை மூடிவிட்டார்.

அப்போது எங்கள் தமிழ்ப் பாடசாலையில் பாடங்களைக் கையால் எழுதியே பிரதி எடுத்தார்கள். அக்கா ஒரு பழைய கணினியை வாங்கினார். கணக்குக் கொப்பியின் கட்டங்களில் புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்துகளை வரைந்து, அவற்றைக் கணினியில் ஏற்றினார். முதல் தாளில் 'ழ'வின் வால் கட்டத்துக்குள் அடங்காமல் வெட்டுப்பட்டு, எழுத்து 'ம' போல நின்றது.

"அக்கா, உங்கட மெசின் தமிழ் படிப்பிக்காது, தமிம்தான் படிப்பிக்கும்" என்றார் பாடசாலை ஆசிரியை.

"வாலை வைச்சுக்கொண்டு வாறன். அதுவரைக்கும் தமிமையே படிப்பியுங்கோ."

பல ஆண்டுகள் எங்கள் பாடப்புத்தகங்கள் அந்த எழுத்துகளில்தான் அச்சாகின.

பின்னர் பாடசாலை ஆண்டு மலரைத் தொகுத்தவன் நான். ஜெர்மன் பதிவுகளில் அப்பாவின் பெயரே எங்கள் குடும்பப் பெயர். எழுத்துகள் இருந்த கணினி வட்டின் மேல் 'நாகமுத்து' என்று மட்டும் இருந்தது. பக்கம் அமைத்த நண்பர் 'எழுத்துகளை ஆக்கியவர்: திரு. நாகமுத்து' என்று போட்டுவிட்டார். நான் திகதிகளை மூன்று தடவை சரிபார்த்தேன். பெயரைப் பார்க்கவில்லை.

"தம்பி, அப்பா பஸ்ஸில டிக்கெட் கிழிச்சவர். எப்பயடா கொம்பியூட்டர் பழகினவர்?" என்று அக்கா கேட்டார்.

சிரித்துவிட்டு, "அடுத்த மலரில திருத்திறன் அக்கா" என்றேன்.

அடுத்த மலர் வரவேயில்லை. நானும் தனியாகத் திருத்தம் எழுதவில்லை.

அக்காவின் கடைசி வாரத்தில், டிரெஸ்டனில் கணினி படிக்கும் என் மகள் மருத்துவமனைக்கு வந்தாள். "மாமி, அப்பப்பாதானே தமிழ் எழுத்துச் செய்தவர்? மலரில கிடக்கு. அவரைப் பற்றி எழுதப்போறன்."

அக்கா என்னைப் பார்த்தார். "உன்ர அப்பாவைக் கேள் பிள்ளை. எனக்குக் களைக்குது."

மகளை வெளியே கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். மறுநாள் அவள் மன்னிப்புக் கேட்க வந்தபோது அக்காவுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. மகள் அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவை முகம் சுளிக்காமல் பராமரித்த தாதியருக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த ஆசிரியைக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்த ஆண்டு மலர் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பெயரை வெட்டிவிட்டு, இந்த நினைவு மலரின் அட்டையில் உள்ள அக்காவின் பெயரைப் பேனாவால் எழுதுங்கள். 'திரு' என்பதையும் வெட்ட மறக்க வேண்டாம். பிழை என்னுடையது.