சாமி வரும் என்று சொன்னேன்

இதை எழுத நோட்டை எடுப்பதும், பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எழுந்து போவதுமாகப் பல வருஷங்கள் கழிந்துவிட்டன. நான் பத்தாவது வரை படித்தவன். பிழை வந்தால் வரட்டும், அதைப் பற்றிக் கவலையில்லை. எழுதினால் நான் செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் தைரியம் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டின் பின் போர்ஷனில் குடியிருந்தோம். நான், மனைவி, எல்.கே.ஜி. படிக்கும் மகள். கான்வென்ட்டில் சேர்த்த அன்றே மிஸ், வீட்டிலும் மம்மி, டாடி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லியனுப்பினார். 'டாடி' எனக்கு ஒட்டவில்லை, அப்பாவாகவே இருந்துவிட்டேன். மனைவிக்கு 'மம்மி' ரொம்பப் பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூட ரிக்ஷா தெருமுனையில் திரும்பும்போதே "மம்மீ" என்று சத்தம் கேட்கும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பக்கத்து ஹவுஸ் ஓனர் வீட்டில் படம் போட வாடகைக்கு வீடியோ டெக் எடுத்திருந்தார்கள். "ஒரு கேசட் உங்க இஷ்டம் சார், நீங்களே பாத்து வாங்கிட்டு வாங்க" என்றார் ஓனர் அம்மா. குரோம்பேட்டை கடைக்குப் போய்ச் சாமி படம் கேட்டேன்.

"சாமி படம் அல்லாம் வெளிய பூட்ச்சி சார்" என்ற கடைக்காரர், தேடி ஒன்றை எடுத்து நீட்டினார். "இத்த எட்துகினு போ. இதுலயும் கோயிலு, பூசாரி அல்லாம் கீது. இன்னா, இங்கிலீசு பேசிகினு இருப்பானுங்கோ."

அட்டையில் பெரிய கல்தூண்கள், தூபம் காட்டும் பூசாரி, பின்னால் நரி முகத்தோடு ஒரு சிலை. நமக்கு யானை முகம், அவர்களுக்கு நரி முகமாக்கும் என்று நினைத்து, அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கறுப்பு வெள்ளைப் படம். மனைவி பின்பக்கம் சமைத்துக்கொண்டிருந்தாள். மகள் என் மடியில் இருந்தாள். படத்தில் மண்ணைத் தோண்டி ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார்கள். உள்ளே தலையிலிருந்து கால் வரை துணி சுற்றிய உருவம்.

"அப்பா, அது யாரு?"

எனக்குத் தெரியவில்லை. காலேஜ் படிக்கும் ஓனர் மகன், "அதான் மம்மி" என்றான்.

"எங்க மம்மியா?"

எல்லோரும் சிரித்தார்கள். "ஆமா, உங்க மம்மிதான். எழுந்து வரும் பாரு, உன்னைப் புடிக்க" என்றான்.

அது கண் திறந்தது. கைகளை நீட்டிக்கொண்டு, சுற்றிய துணி தரையில் இழுபட நடந்தது. "போலாம்ப்பா, போலாம்ப்பா" என்று குழந்தை என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதே தூக்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். நான் பார்த்த சாமி படங்களில் எல்லாம் முதலில் அரக்கன் ஆடுவான், கடைசியில் அம்மன் வந்து அடக்குவாள். அதைப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்று நம்பினேன். "இரும்மா, சாமி வரும்" என்று அவள் முகத்தை டிவி பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

சாமி வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. சாயங்காலம் வரை வரவில்லை. டெக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த மாதமே, சோறு வடிக்கும்போது பிடிதுணி நழுவி, கொதிக்கும் கஞ்சி மனைவியின் முகத்திலும் கழுத்திலும் இரண்டு கைகளிலும் கொட்டிவிட்டது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. குழந்தையை உள்ளே விடவில்லை. ஓனர் அம்மாவிடம் இருந்தபடி, "மம்மி எப்ப வரும்?" என்று தினமும் கேட்டாள்.

ஆட்டோவில் அழைத்து வந்தேன். கண்ணும் வாயும் தவிர முகம் முழுக்க வெள்ளைக் கட்டு. "தோ பாரு, உங்க மம்மி வந்துட்டாங்க" என்று ஓனர் அம்மா குழந்தையை முன்னால் விட்டார். மனைவி ஆசையாக இரண்டு கைகளையும் நீட்டினாள். மணிக்கட்டில் கட்டுத்துணியின் நுனி அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

குழந்தை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள்.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. வேறு யாருக்கும் விளங்கவில்லை.

"ஏங்க, என் மூஞ்சி அவ்வளோ மோசமாவா இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லம்மா. மருந்து நாத்தம், அதான்" என்றேன்.

கட்டுப் பிரித்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். பிரித்த அன்று அவள் கண்ணாடியைப் பார்த்து அழுதாள். அன்றைக்கு எப்படிச் சொல்வது? அப்படியே தள்ளிப்போயிற்று. இதற்குள் தெருவில், அவளுக்குள் பேய் நுழைந்திருக்கிறது, அது குழந்தைக்குத்தான் தெரிகிறது என்று ஒருவர் கிளப்பிவிட்டார். கஞ்சியை ஊற்றியதே நான்தான் என்றும் பேச்சு வந்தது.

குழந்தை மெல்ல மெல்லக் கிட்டே வந்தாள். ஊட்டினால் சாப்பிட்டாள், பக்கத்தில் படுத்தாள். 'மம்மி' என்று கூப்பிட மட்டும் இல்லை. 'அம்மா' என்று சொல்லிக் கொடுத்தேன். "அது ஓனர் அம்மா" என்றாள். புடவையை இழுத்து "இங்க பாரேன்" என்பாள், அவ்வளவுதான்.

மனைவி பள்ளிக்கூடப் பக்கம் போவதையே விட்டாள். "நீங்களே போங்க. என்னைப் பாத்தா அவளுக்கு அசிங்கமா இருக்கும்." நான் சனிக்கிழமைதோறும் திருநீர்மலை ஏறினேன். வீட்டில் சொல்ல வேண்டியதை மலைமேல் ரங்கநாதரிடம் சொல்லிவிட்டு இறங்கி வருவேன்.

மகள் பத்தாவது படிக்கும்போது, ஒரு மத்தியானம் கேபிளில் அதே படம் வந்தது. "அப்பா, இங்க வாயேன்! இதுக்கா நான் அன்னைக்கு அந்தக் கத்து கத்துனேன்?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னைக்கு?"

"நீ கட்டோட வந்தியே, அன்னைக்கு. இந்த மம்மிதான் வந்துடுச்சுன்னு நெனச்சேன். அப்பாதான் என்னைப் புடிச்சு வெச்சுப் பாக்க வெச்சாரு."

"என் மூஞ்சியப் பாத்து இல்லையா?"

"மூஞ்சி எங்க தெரிஞ்சுது? கட்டுதானே இருந்துச்சு" என்று சிரித்தாள் மகள்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன். குக்கர் விசில் அடித்ததும் உள்ளே போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. நான் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். படம் எப்படி முடிந்தது என்று மனசில் ஏறவில்லை.

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு, "இந்தத் தடவை நீ போயேன்" என்றேன்.

"பழகிடுச்சுங்க. நீங்களே போங்க" என்றாள்.

இதைப் படித்தவர்கள் யாரிடமாவது சொல்வதானால், ஒரு வேண்டுதல். பேயைச் சேர்க்காதீர்கள். அம்மாவின் முகம் பிடிக்காமல் குழந்தை ஒதுங்கினாள் என்று சொல்லாதீர்கள், அவள் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. என் மேல் இரக்கப்பட்டு, நான் வாய் திறக்காமல் இருந்த பதினோரு வருஷத்தில் ஒரு நாளைக்கூடக் குறைத்துவிடாதீர்கள். இருக்கிறபடியே சொல்லுங்கள்.