போகியில் போட்ட புத்தகம்

எங்கள் வீட்டில் அறிவுரை வேண்டுமென்று மாமனாரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை, தானாக வரும். மாமியார் இல்லாத வீடு. அதனால் மசக்கைக்கு என்ன சாப்பிடுவது, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது என்பது வரை எனக்குச் சொன்னவர் அவர்தான். ஒடுகத்தூரில் கடலை பயிரிட்ட மனிதர், ஊரில் பாதிப் பிரசவம் தானே பார்த்தது மாதிரி பேசுவார்.

என் அப்பா பேசாத ஆள். ஆம்பூரில் ஒரு டேனரியில் டிரம்மில் தோல் ஊறவைக்கிற வேலை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது பொங்கல் வரிசை கொண்டுவந்தார். பச்சரிசி, வெல்லம், கரும்பு, புதுப் பானை, கூடவே ஒரு புத்தகம். குழந்தை வளர்ப்பு பற்றி அப்பா அம்மாவுக்கும் தாத்தா பாட்டிக்கும் சொல்கிற புத்தகம். வேலூர் பஸ் ஸ்டாண்டு கடையில் இரண்டு வாங்கியிருந்தார், தனக்கொன்று, சம்பந்திக்கொன்று.

“நாம ரெண்டு பேரும் தாத்தா ஆவப் போறோம். நீங்களும் படிங்க சம்பந்தி” என்று கூச்சத்தோடு நீட்டினார்.

மாமனார் அட்டையைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பஸ் இல்லாததால் அப்பா எங்கள் வீட்டிலேயே தங்கினார். விடிந்தால் போகி. வாசலில் கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிந்தன. மாமனார் உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து அதில் போட்டார். பழையதைக் கொளுத்துகிற நெருப்பில், பிரித்துக்கூடப் பார்க்காத புத்தகம்.

“தோல் ஊற வெக்கிறவரு எனக்குப் புள்ள வளக்கச் சொல்லித் தர்றாரு” என்று சிரித்தார். என் கணவர் குச்சியால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். அப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டு, “வர்றேம்மா” என்று கிளம்பினார்.

இந்த ஆள் என் அப்பா முன்னால் நின்று தப்பு என்று சொல்ல வேண்டும், அதுவரை விடக்கூடாது என்று கறுவிக்கொண்டேன்.

மகள் பிறந்தாள். ஐந்தாம் மாதம் அவளோடு ஒடுகத்தூர் திரும்பினேன். மாமனாருக்கு அவள்தான் உயிர் என்றாகிவிட்டது. பல் முளைத்ததை வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நன்றாக ஒட்டட்டும் என்று விட்டேன். ஒட்டினால்தானே பிய்க்கும்போது வலிக்கும்.

அடுத்த பொங்கல் வந்தது. பேத்தியின் முதல் பொங்கல், மடியில் வைத்துச் சூரியனைக் காட்ட வேண்டும் என்று பட்டுப்பாவாடை வாங்கி வைத்திருந்தார். போகிக்கு முந்தின நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். “உங்க அப்பா வந்து எங்க அப்பாகிட்ட தப்புன்னு சொல்லட்டும், அப்பதான் வருவேன்” என்று கணவரிடம் சொன்னேன்.

பொங்கலன்று மாமனாரே போன் செய்தார். “கொயந்த இல்லாம இன்னாம்மா பண்டிகை? ரொம்ப ஜாஸ்தி பண்ற நீ.”

“பொங்கிடுச்சா மாமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன். அன்றைக்குச் சாப்பிட்ட சோறு அவ்வளவு ருசி.

காணும் பொங்கலன்று வந்துவிட்டார். பின்னாலேயே என் கணவர். அப்பா ஓடிப்போய், “வாங்க சம்பந்தி” என்று நாற்காலி போட்டார். அப்பா மேல் எனக்குக் கோபமாக வந்தது. பிள்ளை தாத்தாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் அவளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். மாமனாருக்குப் புரிந்தது.

“அன்னிக்குப் போகியில அப்பிடிப் பண்ணியிருக்கக் கூடாது சம்பந்தி. தப்புதான்” என்றார், தரையைப் பார்த்து, முணுமுணுப்பாக.

அப்பா பதறி வாயைத் திறந்தார். பரவாயில்லை என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டேன்.

“டிரம் சத்தத்துல அப்பாவுக்குக் காது மந்தமாயிடுச்சி மாமா. அவர் மொகத்தப் பாத்து, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். மாமனார் தலையை நிமிர்த்தி, குரலை உயர்த்தி, இன்னொரு தரம் சொன்னார். அதற்குப் பிறகுதான் பிள்ளையைக் கொடுத்தேன்.