வயல் ரோட்டில் ஒரு வேவு

எனக்கும் என் மனைவிக்கும் உளவாளிப் படங்கள் என்றால் உயிர். ரவாங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்ததும் அவள் ஒன்றைப் போட்டுவிடுவாள். நான் கார் துரத்தலைப் பார்ப்பேன். அவள் குறை பார்ப்பாள்.

"இவனுக்கு மட்டும் எப்படி லா போற எடத்துல எல்லாம் பார்க்கிங் கெடைக்குது? காலையிலேர்ந்து ஒளிஞ்சிருக்கான், ஒன்னுக்குக்கூட வராதா?"

ஆனால் ஒருவரைப் பின்தொடர்வது மட்டும் சுலபம்தான் என்று இருவருமே நம்பியிருந்தோம். இடையில் வேறு வண்டி ஒன்றை விட்டுவிட்டு நிதானமாகப் போனால் போதும்.

அதைச் செய்து பார்க்கும்படி ஆனது என் கொழுந்தியாளால். மனைவியின் தங்கை. கோலா சிலாங்கூரில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் இறந்த அன்று, முன்பின் தெரியாத ஒருத்தி குழந்தையோடு வந்து அழுதபோதுதான் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்ததே தெரிந்தது. அதன்பின் பல வருடம் தனியாகவே இருந்தாள். இப்போது சர்ச்சில் பழக்கமான ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். மனைவியை இழந்தவர், ஈஜோக்கில் கொஞ்சம் செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவர், எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை வந்திருக்கிறார். கொழுந்தியாளுக்கும் பிடித்திருந்தது. ஒன்றுதான் உறுத்தல். சனிக்கிழமை காலையில் அவர் எங்கோ போகிறார், போனை எடுப்பதில்லை. கேட்டால், எப்போதும்போல் வாயைக் கையால் மறைத்தபடி "சின்ன வேலை" என்கிறார்.

"இன்னொரு தடவ அவ ஏமாறக் கூடாதுங்க," என்றாள் என் மனைவி. "நாமளே போய்ப் பார்ப்போம்."

அடுத்த சனிக்கிழமை ஈஜோக் சாலையோரம் காத்திருந்தோம். அவருடைய பழைய லோரி வந்தது. கோலா சிலாங்கூர் தாண்டும்வரை எல்லாம் படத்தில் வருவதுபோலவே நடந்தது. தஞ்சோங் காராங் போய் அவர் வயல் பக்கம் திரும்பியதும்தான் சிக்கல். கோடு போட்டதுபோல் நேரான ரோடு. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நெல். இடையில் விட வேறு வண்டியே இல்லை. அவர் லோரியும் எங்கள் சிவப்புக் காரும்தான். நான் வேகத்தைக் குறைத்தால் அவரும் குறைத்தார்.

தேத்தண்ணி விற்கும் ஒரு சாலையோர ஒட்டுக்கடை முன்னால் லோரி நின்றது. நான் தாண்டிப் போயிருக்க வேண்டும். பதற்றத்தில் அவருக்குப் பின்னாலேயே நிறுத்திவிட்டேன். அவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணே, அக்கா, எறங்கி வாங்க, தண்ணி குடிப்போம். கோலா சிலாங்கூர்லயே ஒங்க செவப்புக் காடியப் பார்த்துட்டேன். என் பின்னாலதான் வர்றீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் இந்தப் பக்கம் திரும்புனேன்."

படங்களில் பிடிபட்டவனை என்ன அடி அடித்தாலும் வாய் திறக்கமாட்டான். எங்களுக்கு அவர் பால் சேர்க்காத, ஐஸ் போட்ட தே ஓ ஐஸ் வாங்கிக் கொடுத்தார். இரண்டு மடக்கு குடிப்பதற்குள் என் மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தங்கை பட்டதைச் சொல்லும்போது அழுதேவிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. மறைத்திருந்த கையை விலக்கி வாயைத் திறந்து காட்டினார். முன்பற்கள் இல்லை.

"பல்லு கட்ட வர்றேன் க்கா. இங்க டவுன்ல ஒரு கிளினிக்கு இருக்கு. நம்ம பக்கம் போனா யாராச்சும் பார்த்து ஒங்க தங்கச்சிகிட்ட சொல்லிருவாங்க. கல்யாண போட்டோல ஒழுங்கா சிரிக்கணும்ல. தயவுசெஞ்சு சொல்லிறாதீங்க."

அன்று கிளினிக்குக்கு நாங்களும் கூடப் போனோம். பல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது என் மனைவிதான். "ரொம்ப வெள்ளையா வேணாம் தம்பி, சினிமாக்காரன் மாதிரி இருக்கும்," என்றாள்.

தங்கையிடம், "நல்ல மனுஷன், பயப்படாம கட்டிக்க," என்று மட்டும் சொன்னாள். உளவு வேலையிலேயே கடினமானது அதன்பிறகுதான் தொடங்கியது. தங்கை துருவித் துருவிக் கேட்டாள். இவள் பேச்சை மாற்றினாள், போனை எடுக்காமல் விட்டாள், சமையலறையில் தனியாகச் சிரித்தாள்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு கொழுந்தியாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் ஈரம்.

"அவரு பல்லு கட்டியிருக்காரு க்கா. நேத்து கழட்டியே காட்டிட்டாரு. என்கிட்ட மறைக்க இனிமே ஒன்னும் இல்லன்னாரு."

என் மனைவி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "இத்தன நாளு நான் வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன், அவரே சொல்லிட்டாரா!"

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் தங்கை.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணி போட எழுந்து போய்விட்டேன்.