நல்ல தண்ணீரில் கழுதைமுள்ளி

நான் பிறந்தது முத்துப்பேட்டைப் பக்கம், அலையாத்திக் காட்டின் ஓரத்தில். வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு போலீஸ்காரருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் என் கணவருக்கு இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. பரேடில் நிற்க முடியவில்லை. ஒரு நாள் காலில் சுற்றிய காக்கிப் பட்டியை அவிழ்க்கக் குனிய முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் பாப்பாக. பொறவு அன்பிட்டு, வேலைக்கு லாயக்கில்லன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிருவாக" என்றார். நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

என் அப்பாவும் சித்தப்பாவும் இடுப்பளவு சேற்றில் நின்று மீன் பிடித்தவர்கள். மூட்டு வலித்தால் கழுதைமுள்ளி இலையை அரைத்து, விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டிக்கொள்வார்கள். அந்த உப்புச் சேற்றில் முளைக்கிற செடி அது. இலை ஓரமெல்லாம் முள்; பூ மட்டும் அழகான ஊதா. என் தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். ஒரு சாக்கு இலையோடு ரயிலேறி வந்துவிட்டான். வந்ததும் சாக்கைக் கொட்டி ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்தான். அதே காட்டில் தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று பயந்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.

"வேற இலை ஒண்ணுகூட கலக்கலக்கா. தைரியமாக் கட்டு."

என் கணவருக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏட்டி, கழுதை திங்கிறதையா எங் காலுல கட்டப் போற? டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேளு."

ஆஸ்பத்திரி டாக்டர் இளவயதுக்காரர். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தார்.

"ரெண்டு காலுலயும் கட்டாதீங்கம்மா. வலது காலுக்கு இலை. இடது காலுக்கு வெறும் எண்ணெயும் சூடும். துணி, சூடு எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும். எது வத்துதுன்னு பாப்போம்."

"இடது காலு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார் என் கணவர். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் சொன்னபடியே செய்தோம். முதலில் இரண்டு காலுமே கொஞ்சம் இளகின. அதன் பிறகு இடது கால் அந்த நிலையிலேயே நின்றுவிட்டது. வலது காலில் முழங்கால் சிப்பி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலில் இவர் வலது காலை மட்டும் மடக்கி மண்டியிட்டு, இடது காலை நீட்டிக்கொண்டு ஜெபித்தார். பக்கத்திலிருந்த பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

டாக்டர் இரண்டு முழங்காலிலும் நூலைச் சுற்றி அளந்தார். "ஒரு ஆளை வச்சு முடிவு சொல்லிர முடியாது. ஆனா இதுல என்னமோ இருக்கும்மா" என்றார். அன்றைக்கே இவர் இடது காலையும் என் முன்னால் நீட்டிவிட்டார்.

இலை தீர்ந்துபோகவே தம்பி மறுபடி வந்தான், இந்த முறை வேரும் சேறுமாகச் செடிகளோடு. வழியில் ஒடிந்துபோன தண்டுகளைக் கிணற்றடியில் வீசிவிட்டு, நல்ல செடிகளைத் தொட்டியில் நட்டோம். கடலோரச் செடியாயிற்றே என்று நானும் இவரும் தினமும் உப்பைக் கரைத்து ஊற்றினோம். இலைகள் கருகின. பிறகு தண்டு சுருங்கி எல்லாமே செத்தன. எனக்கு அழுகை வந்தது. ஆடிப்பூரத் தேர் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று முழுக்க இவர் பந்தோபஸ்துக்கு நின்றாக வேண்டும்.

பக்கத்து வீட்டில் ராஜபாளையத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். ஒரு காலையில் கிணற்றடியிலிருந்து அவள் சத்தம் கேட்டது.

"அக்கய்யா! துவைக்கிற கல்லுக்குப் பின்னால என்னமோ முள்ளு மொளைச்சு எஞ் சேலையக் கிழிச்சிருச்சு!"

நான் ஓடிப்போவதற்குள் அரிவாளை ஓங்கிவிட்டாள். "வெட்டாத, வெட்டாத!" என்று கத்திக்கொண்டே அவள் கையைப் பிடித்தேன். தூக்கி எறிந்த தண்டுகள் நல்ல தண்ணீரில் வேர்விட்டுப் புதராக நின்றன. உப்பை அந்தச் செடி பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உப்பு வேண்டுமென்று அது கேட்கவில்லை. இரண்டு பேரும் மடி நிறைய இலை பறித்தோம்.

தேரன்று இவர் வடத்தோடு நான்கு வீதியும் நடந்தார். வீட்டுக்கு வந்ததும் "வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலி இருக்கத்தான் செய்யுது. ஆனா வீக்கம் இல்லட்டி. தேரு நெலைக்கு வர்ற வரைக்கும் நின்னுட்டேன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுத்த முறை தம்பி வந்திருந்தபோது டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஒரு செடியிலேயே இம்புட்டு இருக்கே. அந்தக் காட்டுல இன்னும் என்னென்ன கெடக்கோ! யாராச்சும் உக்காந்து பாக்கணும்."

"யாராச்சும் எதுக்கு சார்? நீங்களே வாங்க. படகு நம்ம படகுதான்" என்றான் தம்பி.

தை மாதம் லீவு போட்டுவிட்டு டாக்டர் நிஜமாகவே போனார். மூக்கெல்லாம் வெயிலில் கறுத்து, கால்சட்டையில் சேறு காய்ந்து, பையும் பையுமாகத் திரும்பி வந்தார். சுரபுன்னைப் பட்டை, கண்டல் காய், எனக்கே பேர் தெரியாத இலைகள். மருத்துவக் கல்லூரியில் இருந்த சிநேகிதருக்கு அனுப்புமுன் ஈரம் போக வேண்டும் என்றார். எங்கள் முற்றத்தில் பாயை விரித்தோம். என் கணவர் பாயோரம் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் வெயில் படும்படி திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.