ஒரு மொட்டைக்கு இரண்டு கோயில்

தன் தலையின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று மாடசாமிக்கு நாற்பத்தாறு வயதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. புனேயில், கசார்வாடியில் அவர் குடியிருந்த வீட்டில் குழாயடிக்கு மேலே ஆணியில் ஒரு கண்ணாடி தொங்கும். போஸ்ட்கார்டு அளவு. தாடை மட்டும் தெரியும். சவரம் பண்ண அது போதும்.

அவருடைய லேத் பட்டறை இருந்த வரிசையில் முழுசாக இருந்த ஆள் யாருமில்லை. பக்கத்துப் பட்டறை பவாருக்கு ஒரு கட்டைவிரல் பாதிதான். வெல்டிங்காரனுக்கு ஒரு புருவம் கருகியே போய்விட்டது. மாடசாமிக்கு முடி இல்லை. மராத்தியில் வழுக்கைத்தலையனை டக்லா என்பார்கள். அவர் பட்டறையை விசாரித்து வருகிறவர்கள்கூட ‘டக்லா அண்ணா எங்கே’ என்றுதான் கேட்பார்கள். பெயர்ப்பலகை எழுதும் செலவு மிச்சம் என்று மாடசாமி நினைத்துக்கொள்வார்.

இரண்டாயிரத்து ஆறில் மகள் நீலாவுக்குப் புனேயின் மறுகோடியில் மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேயே ஏழாவது மாடியில் மூன்று பேருக்குமாக வாடகைக்கு வீடும் பார்த்தாள். அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு மூன்று பக்கமும் கண்ணாடி, உச்சியில் விளக்கு. முதல் நாள் ஏறியபோது தனக்கு முன்னால் யாரோ ஒரு கிழவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, மாடசாமி மரியாதையாக ஒதுங்கினார். கிழவனும் ஒதுங்கினான். நடுவில் துலக்கி வைத்த பித்தளைக் குண்டான், அதைச் சுற்றி அரைவட்டமாகக் கொஞ்சம் தேங்காய் நார். ஏழு மாடி இறங்குவதற்குள் வேறு எதைப் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழே தோட்டத்தில் உட்கார்ந்தால், சென்னைக்காரர் ரவிச்சந்திரன் பேசுவதைக் கேட்கலாம். பல்லுக்குக் கம்பி போட்டாயிற்று, மருவை லேசரில் எடுத்தாயிற்று, கண்ணுக்குக் கீழே தொங்கியதை இழுத்தாயிற்று. கத்தரிக்காய் வாங்கியாயிற்று என்பது போலச் சொல்வார். கசார்வாடியில் விரல் போய்விடக் கூடாது என்று டாக்டரிடம் ஓடுவார்கள். இங்கே எல்லாம் இருக்கிறவர்கள்தான் ஓடினார்கள். முதலில் மாடசாமிக்குச் சிரிப்பாக இருந்தது. ஆறு மாதத்தில் அவரும் லிஃப்டில் தொப்பி போட ஆரம்பித்தார்.

நீலாவின் மேலதிகாரி ராஜஸ்ரீயும் அதே கட்டடம்தான். ஒருநாள் லிஃப்டில் மாடசாமியைப் பார்த்துவிட்டு, “நீலா, தாத்தா ஊர்ல இருந்து எப்ப வந்தார்?” என்றாள்.

“அப்பா, மேம்.”

“ஐயோ, சாரி அங்கிள்.”

கீழே இறங்குவதற்குள் நீலா அதை மறந்துவிட்டாள். மாடசாமி மறக்கவில்லை. ஜனவரியில் ஆபீசில் குடும்பத்தோடு வரச்சொல்லி ஒரு விழா வைப்பார்கள், அப்பா கண்டிப்பாக வர வேண்டும் என்று நீலா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். போவதுதான் போகிறோம், தாத்தாவாகப் போகக் கூடாது என்று அவர் முடிவு பண்ணினார்.

முடி நடுகிற டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தார். டாக்டர் விளக்கியது அவருக்குச் சட்டென்று புரிந்தது. பின்மண்டையில் இருப்பதைத் துண்டாக எடுத்து முன்மண்டையில் நட வேண்டும். பட்டறையில் அவர் செய்கிற வேலைதான். ஒரே சிக்கல், இருக்கிற முடியையும் மழிக்க வேண்டுமாம். மொட்டைக்குக் காரணம் சொல்ல ஒரு தமிழனுக்குக் கஷ்டமா?

“நீலாவுக்கு வேலை கிடைச்சா மொட்டை போடுதேன்னு பழனிக்கு நேர்ந்திருந்தேன்” என்றார் மனைவி சரசாவிடம்.

“எங்கிட்டச் சொல்லவே இல்லியே. நானும் வாரேன்.”

“தனியா வாரேன்னு நேர்ந்திருக்கேன்.”

சரசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நீலா ஆபீஸ் முழுக்கச் சொன்னாள். முருகனுக்குத் தெரியாமல் நடந்த இந்த யாத்திரையில், புனே ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் ஒரு வாரம் குப்புறப் படுக்காமல், மல்லாக்கப் படுக்காமல் கிடந்தார் மாடசாமி.

திரும்பி முதலில் பட்டறைக்குத்தான் போனார். மொட்டையையும் தொப்பியையும் பார்த்த பவார் மிஷினை நிறுத்தினான். ஷட்டரைப் பாதி இறக்கினான். “அண்ணா, பாபா கேலே?” என்றான் தழுதழுத்து. அப்பா போய்விட்டாரா என்று கேட்கிறான். அவர்களில் அப்பா செத்தால்தான் மொட்டை. மாடசாமியின் அப்பாவோ சங்கரன்கோவிலில் முந்தாநாள்கூட போனில் வெற்றிலை சரியில்லை என்று வைதுகொண்டிருந்தார்.

பழனியைப் பற்றிப் பவாருக்கு என்ன தெரியும்? சுலபமாக இருக்கட்டுமே என்று, “நஹி ரே, பாலாஜி” என்றார் மாடசாமி. திருப்பதி என்றால் மராட்டியனுக்குப் புரியும். நன்றாகவே புரிந்தது. பவார் கும்பிட்டுவிட்டு உடனே கையை நீட்டினான். “லாடு குடே?”

லட்டு எங்கே என்கிறான். வீட்டில் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்தார்.

வீட்டிலோ வேறு தொல்லை. பஞ்சாமிர்தம் எங்கே என்றாள் சரசா. பஸ்ஸில் கொட்டிவிட்டது என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சந்தனம் அரைத்துக்கொண்டு வந்தாள்.

“தொப்பிய எடுங்க. மொட்டையடிச்ச மண்டையில சந்தனம் வைக்காம திரியுதிய.”

“அதெல்லாம் வேண்டாம்ட்டீ. சளி பிடிக்கும்.”

“சந்தனம் வச்சு யாருக்குச் சளி பிடிச்சிருக்கு?”

நாற்காலியைச் சுற்றி அவர் நகர, அவள் கிண்ணத்தோடு நகர, அந்த நேரம் பார்த்துப் பவார் வந்து சேர்ந்தான். உட்காருவதற்கு முன்பே, “வஹினி, பாலாஜியோட லாடு?” என்று அண்ணியைக் கேட்கிற உரிமையோடு சரசாவிடம் கேட்டான். மாடசாமி ஜன்னலைப் பார்த்தார். ஏழாவது மாடி. குதிக்க முடியாது.

சரசாவுக்கு இருபது வருஷத்து மராத்தி. இரண்டே கேள்வியில் எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள்.

“ஏங்க, எங்கிட்டப் பழனின்னிய. இவருட்டப் பாலாஜின்னு சொல்லியிருக்கிய. ஒத்த மொட்டைக்கு ரெண்டு கோயிலா?”

தொப்பியை எடுத்தாள். முன்மண்டையில் நாற்று நட்ட மாதிரி வரிசை வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள், பின்னால் காது முதல் காது வரை தையல். பவார் கிட்ட வந்து பார்த்தான். முதலில் வேலையின் சுத்தத்தை மெச்சினான். பிறகு தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தான், நிறுத்தவில்லை.

நீலா மட்டும் சிரிக்கவில்லை. “எனக்காகன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அப்பா.”

“ஒனக்காவத்தான்” என்றார் மாடசாமி, தரையைப் பார்த்துக்கொண்டு. “தாத்தான்னு சொல்லிட்டாள்லா அந்தம்மா. அங்க வந்து ஒனக்கு அப்பனா நிக்கணும்னு பாத்தேன்.”

நீலா தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

விழாவுக்கு அவர் வர மறுத்தார். நீலா விடவில்லை. ராஜஸ்ரீ தூரத்திலேயே பார்த்துவிட்டு, சுற்றியிருந்தவர்களிடம், “நீலாவோட அப்பா இவர்தான். இவ வேலைக்காக மொட்டை போட்டிருக்கார். எங்கப்பால்லாம் எனக்கு ஒரு தேங்காகூட உடைச்சதில்ல” என்றாள். அப்பா, அப்பா என்று நாலைந்து பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கேட்க ஆசைப்பட்ட சொல்தான். மாடசாமிக்குத் தொப்பிக்குள் வேர்த்தது.

“அங்கிள், தொப்பிய எடுங்க, ஒரு போட்டோ” என்றாள் ராஜஸ்ரீ.

அவர் கை தொப்பிக்குப் போகவில்லை, வேறு எங்கும் போகவில்லை. நீலா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம் மேம். அப்பாக்கு வெயில் ஒத்துக்காது. இப்டியே எடுங்க.” அப்படியே எடுத்தார்கள். அந்தப் படத்தில் மாடசாமி தண்டனை வாங்கிய ஆள் மாதிரி நிற்கிறார். நீலா சிரிக்கிறாள்.

நட்ட முடி கொட்டி, மறுபடி முளைத்து, ஒருமாதிரி வகிடு எடுக்கிற அளவுக்கு வர ஒரு வருஷம் ஆனது. லிஃப்டில் மாடசாமி சீப்போடு நிற்கத் தொடங்கிய வாரம் சரசா வாயைத் திறந்தாள்.

“சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கிய. முடியக் குடுத்துத்தான் ஆவணும்.”

பழனியில் நாவிதர் தண்ணீர் தெளித்துத் தடவிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, வரிசை புடிச்சு மொளச்சிருக்கு?” என்றார். மாடசாமி கண்ணை மூடிக்கொண்டார். இந்தமுறை சந்தனத்தைச் சரசா கை நிறைய அள்ளிப் பூசினாள்.

கசார்வாடிக்குப் பஞ்சாமிர்த டப்பாவோடு போனார். பவார் விரலால் வழித்து நக்கிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினான். பிறகு பாதிக் கட்டைவிரலோடு கையை நீட்டினான்.

“டக்லா, லாடு குடே?”